கடையின் கடனும் வீட்டின் கதவும்: டர்பன் வணிகர்களின் வங்கித் தகராறுகளுக்குப் பின்னால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், தம் கடைக் கட்டடம் ஏலத்துக்கு வரும் வாரத்தில், வங்கிக் கிளையின் வாசலில் கையால் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டியவனை மூன்று தவணை தவறியதற்காகத் தெருவில் நிறுத்துகிறார்கள் என்பது அட்டையின் சாரம். அவ்வழியே போகிறவர்கள் படம் எடுத்துப் பரப்புகிறார்கள். கோயில் வளாகத்திலும் கல்யாண வீட்டிலும் அதுவே பேச்சாகிறது. வங்கியிடம் கேட்டால், தனிப்பட்ட வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றிப் பேச இயலாது என்ற ஒற்றை வரி வருகிறது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்ற கடமை வங்கிக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் கேட்பவர்கள் அந்த ஒற்றை வரியைக் குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தகைய தகராறுகளில் யார் பக்கம் நியாயம் என்பது ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சண்டை தெருவுக்கு வரும் நேரத்தில் வழக்கின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கும். வாதாடுவதற்குச் சட்டம் ஒதுக்கிவைத்த நாட்கள் யார் கண்ணிலும் படாமல் கழிந்திருக்கும்; அவற்றுள் முதலாவது, கடன் வாங்கிய அன்று வங்கி நீட்டிய தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்ட நாள்.

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் இதை 'ஜப்தி' என்ற சொல்லைக் கொண்டு விளங்கிக்கொள்ள முயல்வது இயல்பே. ஆனால் இரு நாட்டு முறைகளும் ஒன்றல்ல. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி, வங்கி 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் பெறாமலே அடமானச் சொத்தைக் கைக்கொண்டு விற்க முற்படலாம். தென்னாப்பிரிக்காவில் அதற்கு இடமில்லை. இங்கு நிலவும் ரோமன்-டச்சுச் சட்ட மரபில், கடன் தவறினால் நிலத்தையும் கட்டடத்தையும் வங்கி தானே விற்றுக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. வங்கி வழக்குத் தொடர வேண்டும், தீர்ப்புப் பெற வேண்டும், பிறகு நீதிமன்றத்தின் ஷெரிஃப் ஏலம் விட வேண்டும். ஆகவே 'வங்கி கடையைப் பிடுங்கிக்கொண்டது' என்ற பேச்சு இந்நாட்டைப் பொறுத்தவரை துல்லியமானது அன்று. நீதிமன்றம் ஒன்று அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறது. அந்த ஒப்புதல் எப்படிக் கிடைத்தது, எதிர்த்தரப்பில் யாராவது நின்றார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பல வழக்குகளில் எதிர்த்தரப்பு நாற்காலி காலியாகவே இருந்திருக்கும்.

நம்மவர் பேச்சில் 'பாண்ட்' என்றாலே அடமானக் கடன்தான். குவாசுலு-நட்டால் மாகாணத்துச் சொத்தாக இருந்தால் அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவகத்தில் பதியப்படுகிறது. தவணை தவறினால் தவறிய தொகை மட்டுமல்ல, மீதி அசல் முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகிவிடும் என்ற வாசகம் ஏறத்தாழ எல்லா பாண்டிலும் உண்டு. அட்டையில் எழுதப்படும் 'மூன்று தவணை' என்ற கணக்கும், வங்கி வழக்கில் கேட்கும் பல லட்சம் ரேண்ட் என்ற கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தோன்றுவதற்குக் காரணம் இந்த ஒரு வாசகமே. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நிலுவையைச் சொல்கிறார், மற்றவர் முழுக் கடனைச் சொல்கிறார்.

தவணைகள் ஏன் தவறுகின்றன என்பதற்குக் கடந்த சில ஆண்டுகளில் வெளிப்படையான காரணங்கள் உண்டு. 2020 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 3.5 விழுக்காடாகவும், அதையொட்டி வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 7 விழுக்காடாகவும் இருந்தன. 2023 மே மாதத்தில் அவை 8.25, 11.75 என்ற அளவுக்கு ஏறியிருந்தன. இருபது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய 30 லட்சம் ரேண்ட் கடனுக்கு 7 விழுக்காட்டில் மாதத் தவணை சுமார் 23,260 ரேண்ட், 11.75 விழுக்காட்டில் அது சுமார் 32,510 ரேண்ட். மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாக ஒரு மளிகைக் கடையோ உதிரிபாகக் கடையோ எங்கிருந்து எடுக்கும்? இடையில் 2021 ஜூலைக் கலவரம் வந்தது. கலவரச் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பணம் கிடையாது; அரசுக்குச் சொந்தமான சஸ்ரியா என்ற நிறுவனத்தின் தனிக் காப்பீடு எடுத்திருந்தவர்களுக்கே இழப்பீடு கிடைத்தது. அதிலிருந்து எழுவதற்குள் 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு முழுவதும் மின்வெட்டு. குளிர்பதனப் பெட்டியில் கோழியும் மீனும் வைத்து விற்பவருக்கு மின்வெட்டு என்பது வெறும் இருட்டு அன்று.

இவையெல்லாம் உண்மையானாலும் நீதிமன்றத்தில் இவற்றுக்கு எடை குறைவு. கடன்காரர் ஏன் கட்டவில்லை என்பதைவிட, கடன்காரர் யார் என்பதே அங்கு முதலில் எழும் கேள்வி. பெரும்பாலான கடைக்காரர்கள் தயங்காமல் 'நான்தான்' என்பார்கள். பத்திரம் வேறொன்று சொல்லும். கடை ஒரு தனியார் கம்பெனியின் பெயரிலோ, குளோஸ் கார்ப்பரேஷன் என்ற பழைய வகைச் சிறு நிறுவனம் ஒன்றின் பெயரிலோ, குடும்ப டிரஸ்டின் பெயரிலோ இருக்கும். வரிக்காகவும் வாரிசுகளுக்காகவும் கணக்காளரின் ஆலோசனைப்படி செய்த ஏற்பாடு அது. அன்றைக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டின் விலை கடன் தவறும்போது தெரிகிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் கடன் வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்புகளைத் தருகிறது. ஆனால் கம்பெனி போன்ற சட்ட நபர்கள் வாங்கும் கடனுக்கு அதன் வாசல் மிகக் குறுகலானது. சொத்து மதிப்போ ஆண்டு விற்பனையோ 10 லட்சம் ரேண்டை எட்டிய நிறுவனத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. அதற்குக் கீழே இருக்கும் சின்ன நிறுவனமானாலும் 'பெரிய ஒப்பந்தம்' என்று சட்டம் வகுத்த கடனுக்குப் பொருந்தாது; அடமானக் கடன் எந்தத் தொகையாயினும் பெரிய ஒப்பந்தமே. கூட்டிப் பார்த்தால், கம்பெனியின் பெயரில் பாண்ட் எடுத்தவருக்கு இந்தச் சட்டத்தின் நிழல் இல்லை. மூன்றோ அதற்கு மேலோ தனிநபர் அறங்காவலர்கள் உள்ள டிரஸ்டும் சட்ட நபராகவே எண்ணப்படும். கடை வாசலில் அட்டை பிடிப்பவர் 'நுகர்வோர் உரிமை' என்று பேசுவதும், வங்கியின் வழக்கறிஞர் அதைச் சட்டை செய்யாமல் போவதும் இதனால்தான்.

அடுத்தது பிணை. நம்மவர் இதை 'ஷூரிட்டி' என்றே சொல்வார்கள். கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, அதன் இயக்குநர்களிடம், பல வேளைகளில் அவர்களுடைய மனைவி, தந்தை, அண்ணன் தம்பிகளிடமும், தனிப் பிணைக் கையெழுத்து வாங்குகிறது. 1956ஆம் ஆண்டின் சட்டம் பிணைக்கு வைக்கும் நிபந்தனை எளியது: எழுத்தில் இருக்க வேண்டும், பிணையாளரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தத் தாளில் 'பிணையாளரும் இணை முதன்மைக் கடனாளியும்' என்ற சொற்றொடர் இருக்கும். ரோமானியச் சட்டம் பிணையாளருக்குச் சில கவசங்களைத் தந்திருந்தது. முதலில் கடன் வாங்கியவனிடம் கேட்டுப் பார், அவனிடம் இல்லாவிட்டால் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை அவற்றுள் முக்கியமானது. லத்தீன் பெயர்களோடு அவை தாளில் அச்சாகியிருக்கும். அச்சானதன் நோக்கம், அவற்றைப் பிணையாளர் கைவிடுகிறார் என்று அறிவிப்பது. கடனின் எல்லை என்ற இடத்தில் தொகை இல்லாமல், எக்காரணத்தால் எழுந்த எந்தக் கடனுக்கும் என்ற வாசகம் இருப்பதும் உண்டு. அப்படியானால் கட்டடத்துக்காகப் போட்ட கையெழுத்து, அடுத்த ஆண்டு எடுத்த ஓவர்டிராஃப்டுக்கும், அதற்கடுத்த ஆண்டு வாங்கிய டெலிவரி வேனுக்கும் சேர்த்தே நிற்கும்.

பிணையாளர் ரத்தமும் சதையுமான மனிதர் என்பதால் தேசியக் கடன் சட்டம் அவரையாவது காக்கும் என்று எண்ணத் தோன்றும். காப்பதில்லை. மூலக் கடனுக்குச் சட்டம் பொருந்தாதபோது அதன் பிணைக்கும் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மனைவியின் ஒப்புதலும் இதே கதிதான். கணவன் மனைவி இருவரின் சொத்தும் பொதுவாக இருக்கும் பொதுச் சொத்துத் திருமணத்தில் இணையரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பிணை நிற்கக் கூடாது என்று 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம் சொல்கிறது. தொழிலின் வழக்கமான போக்கில் போட்ட கையெழுத்துக்கு விலக்கும் அளிக்கிறது. தம் கம்பெனிக்காக இயக்குநர் போடும் கையெழுத்து அந்த விலக்குக்குள் அடங்கக் கூடும் என்பதற்கு மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. வீட்டுக்காரிக்குத் தெரியாது என்ற வாதம், கேட்க நியாயமாக இருந்தாலும், பெரும்பாலும் கரை சேர்வதில்லை.

கடைக்கான கடன் வீட்டைத் தொடுவது இந்த வழியில்தான். இந்த ஊரில் வீடு என்பது வெறும் சொத்தல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தபோது இறங்கியவர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்டும் கூடையில் சுமந்து விற்றும் அவர்களின் பிள்ளைகள் சேர்த்த நிலத்தை, இனவாரியாக வசிப்பிடத்தைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் பறித்தது. கேட்டோ மேனரில் சொந்த மண் வைத்திருந்தவர்கள் சாட்ஸ்வொர்த்தின் வரிசை வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது. தாத்தா இழந்ததைப் பேரன் மீட்டு எழுதிய பத்திரம் என்ற நினைவோடு வாழும் குடும்பத்துக்கு, ஷெரிஃபின் வருகை பழைய வருகையின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. இந்த உணர்வை நான் மிகையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைய சட்டம் கையெழுத்துக் கேட்காமல் பறித்தது, இன்றைய கடன் கையெழுத்தின்மேல் நிற்கிறது என்ற வேறுபாட்டையும் மறைப்பதற்கில்லை.

கடைக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு வீட்டுக்கு உண்டு. அதைத் தந்தது, வீட்டுரிமையைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. அதன் முதல் பெரிய சோதனை 2004இல் ஜாஃப்தா வழக்கில் வந்தது. மேற்குக் கேப் மாகாணத்தின் இரண்டு ஏழைப் பெண்களில் ஒருவர் 250 ரேண்ட் கடன் வாங்கியிருந்தார். மற்றவர் 190 ரேண்டுக்குக் காய்கறியைக் கடனாக வாங்கியிருந்தார். இந்தக் கடன்களுக்காக அவர்களின் வீடுகள் ஏலம் போயின. ஒரு நீதிபதியின் பார்வை படாமல் குடியிருக்கும் வீட்டை விற்பதற்கு வழி செய்த விதி செல்லாது என்று அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடமானம் வைத்த வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதும், நீதிமன்ற எழுத்தர் ஒருவர் முத்திரை குத்தி வீட்டை ஏலத்துக்கு அனுப்ப முடியாது என்பதும் 2011இல் குந்த்வானா வழக்கில் உறுதியாயின. 2017 டிசம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள உயர் நீதிமன்ற விதி 46ஏ, இவற்றை அன்றாட நடைமுறையாக்கியது. கடனாளி அந்த வீட்டில் குடியிருக்கிறாரா, கடனை வசூலிக்க வேறு வழி உண்டா என்பதை நீதிபதி பார்க்க வேண்டும். ஏலத்துக்கு அடிவிலை நிர்ணயிப்பது குறித்தும் முடிவு செய்ய வேண்டும். மதிப்பில் ஒரு துளிக்கு வீடுகள் விற்றுப்போன பழைய கேவலத்துக்கு இந்த அடிவிலைதான் தடை.

கம்பெனியின் கடனுக்குப் பிணை நின்றவரின் குடியிருப்பு வீட்டை விற்க முற்படும்போதும் இந்த விதியைத் துணைக்கு அழைக்கலாம். அதற்கு அவர் நீதிமன்றத்துக்கு வந்து, இதுவே என் வீடு, வயதான தாயும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் இங்கிருக்கிறார்கள், மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். கடைக் கட்டடத்துக்கோ இந்த விதி பொருந்துவதில்லை. அது பொதுவாக அடிவிலை இல்லாமலே ஏலத்துக்குப் போகும். ஆகவே வணிகர் ஒருவரின் போராட்டத்தில் எது கடை, எது வீடு என்று பிரித்துக் கேட்காத செய்தி, பாதிச் செய்திதான். கீழே கடையும் மேலே குடித்தனமுமாக ஒரே பத்திரத்தில் இருக்கும் கட்டடங்கள் நம் பகுதிகளில் உண்டு. வழக்கறிஞர்களுக்கு வேலை வைப்பவை அவை.

தம் சொந்தப் பெயரிலேயே கடன் வாங்கிய கடைக்காரரின் நிலை இதைவிட மேல். அவருக்குத் தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவுப்படி கடிதம் வந்தாக வேண்டும். கடன் ஆலோசகரை நாடலாம், குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று அக்கடிதம் சொல்ல வேண்டும். தவணை தவறி 20 வேலை நாட்களும் கடிதம் சேர்ந்து 10 வேலை நாட்களும் கழிந்த பிறகே வழக்கு. அந்தப் பத்து நாள்தான் இந்த முழு நடைமுறையிலும் கடன்காரரின் கை ஓங்கியிருக்கும் காலம். பதிவுத் தபால் தவறான அஞ்சலகத்துக்குப் போயிருந்தால் அது அறிவிப்பே ஆகாது என்று 2012இல் அரசமைப்புச் சட்ட நீதிமன்றத்தில் சிபோலா வழக்கு கடன்காரருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆனால் அஞ்சலகத்திலிருந்து சீட்டு வந்தும் போய் வாங்காமல் இருந்தவருக்கு 2014இல் அதே நீதிமன்றம் இரக்கம் காட்டவில்லை. வங்கிக் கடிதம் என்று தெரிந்ததும் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் எத்தனை வீடுகளைக் கொண்டுபோயிருக்கிறது என்பதற்குக் கணக்கு கிடையாது. சொந்தப் பெயர்க் கடனில் இன்னொரு வசதியும் உண்டு: முழுக் கடனையும் அல்ல, நிலுவையையும் நியாயமான செலவையும் கட்டினாலே ஒப்பந்தம் தானாக உயிர்பெறும் என்பதை 2016இல் இங்காட்டா வழக்கு நிலைநாட்டியது. அந்த வழக்கில் வீடு ஏலத்தில் போன பிறகும், நிலுவை அதற்கு முன்பே தீர்ந்திருந்ததால், ஏலம் செல்லாமல் போயிற்று.

கம்பெனிகளுக்கும் ஒரு 129ஆம் பிரிவு உண்டு என்பது சட்டம் எழுதியவர்கள் அறியாமல் செய்த வேடிக்கை. 2008ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் அதே எண்ணுள்ள பிரிவு, இயக்குநர் குழு தீர்மானம் போட்டு நிறுவனத்தைத் தொழில் மீட்பு நடைமுறையில் சேர்க்க வழி செய்கிறது. சேர்ந்ததும் கம்பெனிமீதான வழக்குகளும் ஏலமும் தற்காலிகமாக நின்றுவிடும். ஏலத்துக்கு முதல் நாள் இந்தத் தீர்மானத்தைப் போட்டுவிட்டு மூச்சு விடுபவர்கள் அறியாதது, அந்தத் தடை கம்பெனிக்கு மட்டுமே என்பது. வங்கி அன்றே திரும்பிப் பிணையாளரின் வீட்டு வாசலுக்கு வரலாம்.

வட்டியைப் பற்றியும் ஒரு சொல். கட்டாத வட்டி மீதி அசலுக்குச் சமமாக ஏறியதும் மேற்கொண்டு வட்டி ஓடாது என்ற விதி ரோமன்-டச்சுச் சட்டத்தில் உண்டு. வழக்கு நடக்கும் காலத்திலும் அந்த வரம்பு நிற்கும் என்று 2015இல் அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் சொன்னது. நம் முன்னோரின் தர்மசாஸ்திரத்திலும் தாம்துபத் என்ற பெயரில் இதே விதி இருந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. எனினும் சில மாத நிலுவையில் ஏலத்துக்குப் போகும் பாண்டில் வட்டி அந்த எல்லையை எட்டுவதே அரிது. 'வட்டி அசலைத் தாண்டிவிட்டது' என்று அட்டையில் எழுதுபவர்கள், இத்தனை ஆண்டுகளில் கட்டி முடித்த வட்டியையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டல் சட்டத்தின் கூட்டல் அன்று.

அப்படியானால் வங்கி வாசலில் நிற்பதில் பயனே இல்லையா? நிற்கும் உரிமை உறுதியானது. கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டின் சட்டம், பதினைந்து பேருக்கு மேற்பட்டவர்கள் கூடினால்தான் முன்னறிவிப்புக் கேட்கிறது. தனியாளாக அட்டை பிடிப்பவரைக் கேட்பதில்லை. ஆனால் அட்டையில் எழுதுவதற்கு வரம்பு உண்டு. வணிக நிறுவனமும் அவதூறு வழக்குத் தொடரலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். உண்மையும் பொது நன்மையும் சேர்ந்தால் அது தற்காப்பாகும். நியாயமான கருத்துரைக்கும் இடமுண்டு. எதிர்ப்பவரின் வாயை அடைப்பதற்காகவே தொடுக்கப்படும் வழக்கு நீதிமன்ற நடைமுறையின் துஷ்பிரயோகம் என்று 2022இல் அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, சிறியவர்களுக்குக் கிடைத்த நல்ல துணை. 'வங்கி என்னோடு பேச மறுக்கிறது' என்பது நிரூபிக்கக்கூடிய கூற்று. 'வங்கி மேலாளர் ஏலக்காரரோடு கைகோத்திருக்கிறார்' என்பது, கையில் ஆதாரம் இல்லாதபோது, இரண்டாவது வழக்கொன்றை விலைக்கு வாங்குவது. பொதுக் கவனம் சில வேளைகளில் வங்கியைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவருவதும் உண்மைதான். ஆனால் பேச்சுவார்த்தையில் கிடைப்பது பெரும்பாலும் கால அவகாசம். கடன் அப்படியே இருக்கும். 2024 மார்ச் 1 முதல் வங்கி உட்பட நிதித் துறைக் குறைகளுக்கான பொதுக் குறைதீர்ப்பாளர் அமைப்பு ஒன்று இயங்குகிறது. அதற்குக் கட்டணமில்லை, கடன் கணக்கில் தவறு என்று நம்புபவர் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

ஏலம் முடிந்தால் வரும் பணம் நேரே வங்கிக்குப் போவதில்லை. நிலுவையாயுள்ள ரேட்ஸ் எனும் சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம் போன்ற நகராட்சிக் கடன்களுக்கு, 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டம் அந்தச் சொத்தின்மீது பாண்டையும் முந்தும் உரிமையைத் தருகிறது. டர்பனை ஆளும் ஏதெக்வினி நகராட்சி தன் பங்கை எடுத்த பிறகே வங்கிக்கு மீதி. கடைக் கட்டடம் குறைந்த விலைக்குப் போயிருந்தால், துண்டு விழும் தொகைக்கு வங்கி கம்பெனியையும் பிணையாளரையும் தொடரும். சாதாரணக் கடன் மூன்று ஆண்டில் காலாவதியாகும் இந்நாட்டில், அடமானத்தால் உறுதி செய்யப்பட்ட கடனுக்கும் நீதிமன்றத் தீர்ப்புக் கடனுக்கும் காலவரை முப்பது ஆண்டுகள்.

இந்தக் காலவரையினால் அதிகம் சிக்குபவர் அட்டை பிடிப்பவர் அல்ல, அவருடைய அப்பா. கடையைத் தொடங்கிய அவர், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே பங்குகளைப் பிள்ளைகளுக்கு மாற்றிவிட்டு, இயக்குநர் பதவியிலிருந்தும் விலகி, வெள்ளிக்கிழமை கோயிலும் மற்ற நாள் தோட்டமுமாக இருப்பார். பதவி விலகியதால் பிணை விலகுவதில்லை. பங்கை விற்றதாலும் விலகுவதில்லை. இறந்தாலும் அவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது அது நிற்கும். வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, இனி எடுக்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று தெரிவித்து, அதுவரை உள்ள கடன் தீர்ந்ததும் விடுவிப்புக் கடிதத்தை வாங்கி வைத்திருந்தால்தான் அவர் வெளியே வந்தவர் ஆவார். வங்கி அந்தக் கடிதத்தைத் தானாகத் தருவதில்லை. கேட்டாலும், பதிலுக்கு வேறொருவரின் கையெழுத்தைக் கேட்கும்.